காரின் வீட்டில் குடியிருந்தோம்

என் புத்தகத்தைத் திறந்தால் கிரீஸ் வாசனை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்ட தோழிகளே, அந்த வாசனை எங்கிருந்து வந்தது என்று உங்களில் ஒருத்திகூட என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன். எனக்கு அவ்வளவு ரோஷம். இப்போது நமக்கெல்லாம் வேலை, கல்யாணம், குழந்தை என்று ஆகி, மின்சார ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தால்கூட ஒரு நிமிடம் கழித்துத்தான் "ஏய், நீயா?" என்கிறோம். இனி மறைக்க என்ன இருக்கிறது? நான் ஒரு கார் ஷெட்டில் வளர்ந்தவள்.

செம்பாக்கம் ஏரிக்குப் போகும் சாலையில் சுற்றுச்சுவர் வைத்த பழைய பங்களா ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம் இருந்த கார் ஷெட்தான் எங்கள் வீடு. அப்பா அந்த பங்களாவின் வாட்ச்மேன், தோட்டக்காரர், தண்ணீர் மோட்டார் போடுகிறவர், எல்லாம். பங்களாவின் சொந்தக்காரரை நாங்கள் சார் என்றுதான் சொல்வோம். அம்மா உள்ளே பாத்திரம் தேய்ப்பாள். மத்தியான நேரத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களின் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பாள். பள்ளியில் சேர்க்கும்போது டீச்சர் "வீட்டு விலாசம்?" என்று கேட்டார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "சார் வூட்டு ஷெட்டு, டீச்சர்" என்றார். எங்கள் குடும்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் உள்ளே முதலில் கால் வைத்தது நான்தான். அப்பா வெளி வராண்டாவோடு நின்றுவிட்டார்.

ஷெட்டின் நடுவில் ஒரு குழி உண்டு. காரை மேலே நிறுத்திவிட்டு, மெக்கானிக் கீழே இறங்கி நின்று வேலை பார்ப்பதற்காகத் தோண்டியது. ஓர் ஆள் நிற்கலாம். அதன் மேல் பலகை போட்டு மூடியிருந்தோம். வெயில் காலத்திலும் உள்ளே சில்லென்று இருக்கும். அரிசி டின், வெங்காயம், அம்மாவின் டிரங்குப் பெட்டி எல்லாம் அதற்குள்தான். அந்தச் சிமெண்டுத் தரை எத்தனை முறை கழுவினாலும் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். பாய், தலையணை, என் பாவாடை, என் புத்தகம் எல்லாவற்றிலும் ஏறியது அந்த வாசனைதான்.

ஷெட்டில் இருக்கவேண்டிய கார் வெளியே, பாதாம் மரத்தடியில் நின்றது. சாரின் அப்பா வெள்ளைக்காரன் காலத்தை ஒட்டி வாங்கிய இங்கிலாந்து கார். பெரியவர் போனபிறகு அதை யாரும் எடுக்கவில்லை. காரை மரத்தடிக்குத் தள்ளிவிட்டு ஷெட்டை எங்களுக்குக் கொடுத்தார்கள். நான் பிறப்பதற்கு முன்பே நடந்தது அது. எனக்குத் தெரிந்து அந்தக் கார் கோழிகள் முட்டையிடும் இடம். முன் சீட்டு கோழிகளுக்கு, பின் சீட்டு எனக்கு.

ஆமாம், அதுதான் என் படிப்பறை. ஷெட்டில் தம்பி தவழ்ந்துகொண்டு எதையாவது வாயில் போடுவான். பின் சீட்டில் தோல் கிழிந்து தேங்காய் நார் வெளியே வந்திருக்கும். தொடையில் குத்தும். முன்னால் இருந்த மரப்பலகையில் நின்றுபோன கடிகாரம். மேலே கூரைத் துணி நைந்து, வயிறு தள்ளினாற்போலத் தொங்கும். சார் வீட்டிலிருந்து எடைக்குப் போகவேண்டிய ஆங்கிலப் பத்திரிகைகளை அப்பா எனக்காக ஒதுக்கி வைப்பார். அந்த சீட்டில் உட்கார்ந்துதான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். வகுப்பில் இங்கிலீஷ் பாடத்தை வாசிக்க டீச்சர் ஏன் எப்போதும் என்னையே எழுப்பினார் என்று உங்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கும். காரணம் அந்தக் கார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் கைகாட்டி. இப்போதைய கார்களில் மூலையில் விளக்கு மினுக்கும் அல்லவா? இதில் அது கிடையாது. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் உள்ள தூணுக்குள் ஒரு சின்னக் கை மடங்கிப் படுத்திருக்கும். விசையைத் திருப்பினால் அது வெளியே நீண்டு, ஆரஞ்சு நிறத்தில் எரியுமாம். எரிந்து நான் பார்த்ததில்லை. நகத்தால் நெம்பி வெளியே இழுத்து, எங்கும் போகாத வண்டியை வலதுபக்கம் திருப்புவேன்.

நாம் ஆறாம் வகுப்புக்குப் போன வருடத்துக் கோடையில் சார் பழைய கார் வைத்திருப்பவர்களின் கிளப்பில் சேர்ந்தார். வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்று, என்ன செய்வது என்று தெரியாமல் வராண்டாவில் உலாத்திக்கொண்டிருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் ஆட்கள் ஐந்தாறு கார்களில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொன்றும் கல்யாணப் பெண் மாதிரி. தெருவே வாசலில் நின்றது. அவர்கள் பாதாம் மரத்தடிக்கு வந்து, கோழி எச்சத்தை எட்டிக் கடந்து, எங்கள் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். தொப்பி போட்ட செயலாளர் குனிந்து அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கே சாரின் நடை மாறிவிட்டது.

மறுநாளே கோழிகள் இறக்கப்பட்டன. நானும் இறங்கினேன்.

பல்லாவரத்திலிருந்து ஒரு டிங்கர் அண்ணன் வந்தார். எஞ்சினை மட்டும் கிளப் மெக்கானிக் பார்த்துக்கொள்ள, தகரம் தட்டுவது, ஒட்டுவது, பெயின்ட் எல்லாம் அவர்தான். வாய் ஓயாது.

"சார், இது இன்னா வண்டி சார்?"

"சலூன்பா. ஃபோர் டோர் சலூன்."

"சலூனா? அப்ப கட்டிங்கு நான் பண்றேன், ஷேவிங்கு நீங்க பண்ணிக்குங்க" என்று சுத்தியலைத் தூக்கினார். சார்கூடச் சிரித்துவிட்டார்.

அப்பாவுக்கு அந்த மாதங்கள் திருவிழா மாதிரி. செடிக்குத் தண்ணீர் விட்டதும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தேய்த்துத் தேய்த்து அவருடைய கைரேகையே மழுங்கிப்போனது. சக்கரத்தின் குமிழ்மூடி, கதவுப்பிடி, முன்புறக் கம்பி என்று ஒவ்வொன்றையும் பளபளப்பாக்கி என்னிடம் காட்டுவார். "மூஞ்சி தெரிதா பாரு!" தெரியும். இரண்டு பேர் முகமும் அகலமாகத் தெரியும்.

கூரைத் துணி தைக்க ஆள் கிடைக்கவில்லை. சார் தயங்கித் தயங்கி அம்மாவைக் கேட்டார். வெளிர் மஞ்சள் துணி, கெட்டி நூல், வளைந்த ஊசி எல்லாம் வந்தன. அம்மாவுக்கு இடதுகைப் பழக்கம். அவள் போடும் தையல் மற்றவர்கள் போடுவதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கும் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவார்கள். "உங்கம்மா தையலு காத்தடிச்ச மாதிரி சாயுது பாரு." காருக்குள் மல்லாந்து படுத்து, கைகளை மேலே தூக்கிக்கொண்டு அம்மா தைத்தாள். சாயங்காலம் கையைக் கீழே இறக்க முடியாமல் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்வாள். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் மூவர் கையும் படாத இடம் அந்த வண்டியில் இல்லை.

புரட்டாசி பிறந்தபோது பெயின்ட் அடித்தாகிவிட்டது. அடியில் கறுப்பு, மேலே பாலாடை நிறம். கிளப் செயலாளர் மறுபடி வந்தார். அப்பா தட்டில் கலர் சோடா பாட்டில்கள் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். நான் பாதாம் மரத்துக்குப் பின்னால்.

செயலாளர் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். அப்பாவின் தோளில் தட்டினார். பிறகு ஆகாயத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார். இதை எங்கே நிறுத்தப் போகிறீர்கள்? ஒரு மழைக்காலம் வெளியில் நின்றால் இவ்வளவு வேலையும் பாழ். சார் ஷெட்டைக் காட்டினார். அதில் வாட்ச்மேன் குடும்பம் இருக்கிறது, ஆயுத பூஜை முடிந்ததும் சொல்லிவிடுவேன், அனகாபுத்தூரில் தெரிந்தவர் ஒருவரின் இடம் இருக்கிறது, அங்கே மாற்றிவிடலாம் என்றார். ரெயின், ஷெட், ஃபேமிலி, ஷிஃப்ட். கஷ்டமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. என் வாழ்க்கையில் முதன்முதலாக ஆங்கிலம் பேசுகிறவர்களை ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொண்டது அன்றுதான்.

அப்பா தட்டோடு சிரித்துக்கொண்டே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் ஓடிவந்தார். "இன்னாடி சொன்னாரு அந்தத் தொப்பிக்காரரு? தோள்ல தட்னாரே!"

"வண்டிய எங்க வுட்றதுன்னு பேசிகினாங்கப்பா. ஷெட்லதான் வுடணுமாம்."

"எந்த ஷெட்ல?"

"நம்ம வூட்ல."

அப்பா தட்டைக் கீழே வைத்தார். பிறகு சத்தம் போட்டுச் சிரித்தார். "ஏ, இங்க வந்து உம் பொண்ணு சொல்றத கேளு! நம்மள தொரத்திட்டு வண்டிய உள்ள வுடப் போறாராம் சாரு!"

"அனகாபுத்தூர்னு சொன்னாருப்பா. மழைக்கு முன்னாடின்னு சொன்னாரு."

"போடி. படிக்கிறது ஆறாவது. வெள்ளைக்காரன் பேச்சு ஒனக்குப் புரிஞ்சிடுச்சா? இவ்ளோ வேல செஞ்சவன யாராவது போன்னு சொல்வாங்களா? வண்டி ஓட ஆரமிச்சா தொடைக்க ஆள் வாணாமா? தொறக்க மூட ஆள் வாணாமா? இனிமேதான் நம்ம சாருக்கு நம்ம வேணும்."

அது அவருடைய கணக்கு. வண்டி நன்றாக ஆக ஆக, எங்கள் இடம் உறுதியாகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உழைத்த இடத்தில் இடம் உண்டு என்று நினைக்கிறவரிடம் அதற்கு மேல் என்ன சொல்வது? மறுநாளிலிருந்து இன்னும் வேகமாகத் தேய்த்தார்.

அம்மா சிரிக்கவில்லை. கூரைத் துணியில் கடைசி மூலை பாக்கி இருந்தது. "நல்லா கேட்டியா? பாதி கேட்டுட்டு வந்து சொல்லாத" என்றாள்.

"நல்லாதான் கேட்டேன்."

"ம்." ஊசியை வாயிலிருந்து எடுத்து மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.

"அப்புறம் ஏம்மா தைக்கிற?"

"நூலு கோத்துட்டேன். பாதில வுட்டா தொங்கிகினு கெடக்கும். எதுவா இருந்தாலும் முடிச்சிட்டுப் போவலாம்."

எனக்குப் படிப்பு போய்விடுமோ என்ற பயம். அனகாபுத்தூர் எங்கோ ஆற்றங்கரையில் இருக்கிறது என்பதுதான் தெரியும். அங்கிருந்து நம் பள்ளிக்கு எப்படி வருவது? சாரிடமே கேட்டுவிடலாம் என்று துணிந்தேன். இரண்டு நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து விசைகளைத் திருகிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"சார், மழை வந்தா நாங்க..."

"மழை வந்தா என்னம்மா? பாரு!" ஒரு குமிழைத் திருகினார். கண்ணாடியின் மேல் ஒற்றை வைப்பர் டக், டக் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. "முப்பது வருஷத்து மோட்டார். எப்படி வேலை செய்யுது பாத்தியா? பயப்படாதே, உனக்குத்தான் முதல் ரவுண்டு. உங்கப்பன் உழைப்புக்கு நான் அதுகூட செய்யமாட்டேனா?" என்று என் கன்னத்தைத் தட்டினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு மிச்சத்தைச் சொல்லத் தைரியம் வந்திருக்கும்.

ஆயுத பூஜையன்று அப்பா வண்டிக்குப் பொட்டு வைத்தார். பெயின்டில் கறை பிடிக்கும் என்று சார் சொல்லியிருந்ததால், நெற்றியில் சந்தனத்தை நேராக வைக்காமல் வெற்றிலையை ஒட்டி அதன்மேல் வைத்தார். வாசலில் பூசணிக்காய் உடைத்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். வண்டி நகர்ந்து பழங்கள் நசுங்கியபோது அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு சார் சொன்னபடி எங்களைக் கோவளத்துக்குக் கூட்டிப்போனார். அப்பா முன்னால் சார் பக்கத்தில். அம்மா, தம்பி, நான் பின்னால். என் பழைய இடத்தில் புதுத் தோல் வழுக்கியது. திருப்பங்களில் சார் விசையைத் திருப்ப, கைகாட்டி "டக்" என்று வெளியே வந்தது. தலையை நீட்டிப் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் என்னவோ செய்கிறது.

கோவளத்தில் படகு வந்த நேரம். மீன் ஏலத்தை விட்டுவிட்டுப் பாதிப்பேர் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். கூடை வைத்திருந்த ஓர் ஆயா அப்பாவிடம், "இன்னா நைனா, வெள்ளைக்காரன் மறந்து வுட்டுட்டுப் போனதா?" என்றாள்.

"நம்மள்து ஆயா. நாங்களே ரிப்பேர் பண்ணது" என்றார் அப்பா. சார் சிரித்தார்.

திரும்பும் வழியில் சவுக்குத் தோப்போரம் சார் வண்டியை நிறுத்தி எல்லாருக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்தார். அப்பா குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, "மழைக்கு முன்னாடி வண்டியை ஷெட்ல விட்டாகணும்பா" என்றார். "அனகாபுத்தூர்ல நெசவுக்காரர் தெருவுல ஒரு ரூம் பாத்திருக்கேன். நம்ம வீட்டுக்கு இனி கேட்டும் பூட்டும் போதும்னு என் பசங்க சொல்றாங்க. பல்லாவரத்துல ஒரு கம்பெனியில உனக்கு வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லிட்டேன். உன்னை அப்படியே விட்டுடுவேனா?"

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அப்பா காலியான இளநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "சரிங்க சார்" என்றார். பிறகு, "இந்த எளநி ஓட்ட எங்க போட்றது சார்?" என்று கேட்டார். அவ்வளவுதான். நான் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு ஒரு துளி வெற்றியும் இல்லை. அப்பா என் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அவர் செம்பாக்கம் வரும்வரை திரும்பவில்லை. அம்மா மட்டும் ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோது கையை உயர்த்தி, தான் தைத்த கூரைத் துணியை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தாள். பிறகும் கையை எடுக்கவில்லை.

எங்கள் சாமான்கள் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றிலேயே அடங்கிவிட்டன. குழியிலிருந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கியதும் அப்பா பலகைகளை ஓரமாக அடுக்கினார். ஷெட்டைப் பெருக்கினார். வண்டியில் படக்கூடாது என்று ஒட்டடை அடித்தார். அம்மா கோலம் போட்டிருந்த வாசற்படியைத் தண்ணீர் விட்டுக் கழுவினார், டயர் வழுக்கிவிடுமாம். எல்லாம் முடித்துவிட்டு, பின்னால் நின்று "வர்ட்டும் சார், வர்ட்டும், ரைட்ல ஒடி" என்று கையசைத்து அவரே காரை உள்ளே ஏற்றினார். கச்சிதமாகப் பொருந்தியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சுவர்கள், குழி, அகலக் கதவு எல்லாமே அதன் அளவுக்குக் கட்டப்பட்டவை. எங்களுடையது என்று நான் நினைத்ததெல்லாம் அது வெளியே நின்றிருந்த காலம்தான்.

மீன்பாடி வண்டி கேட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். சார் விசைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. ஷெட்டின் இருட்டுக்குள் கைகாட்டி ஆரஞ்சாக எரிந்து நீண்டிருந்தது.

அந்த வருட மழையில் அடையாற்றுத் தண்ணீர் எங்கள் புது அறையில் கட்டில் உயரத்துக்கு வந்தது. பத்து நாள் நான் வராததற்கு அம்மை என்று டீச்சரிடம் சொன்னேனே, அது பொய். புத்தகங்களைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகு என் புத்தகங்களில் கிரீஸ் வாசனை போய்விட்டது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அனகாபுத்தூரிலிருந்து பல்லாவரம், பல்லாவரத்திலிருந்து தாம்பரம் என்று பஸ் மாறி மாறி வந்து உங்களோடு பத்தாவது முடித்தேன். கல்லூரி முடித்தேன். இன்று ஓர் அலுவலகத்தில் என் பெயர் எழுதிய மேசை இருக்கிறது. இதை யாரும் எனக்குப் பாவம் பார்த்துக் கொடுக்கவில்லை.

போன மார்கழியில் நம் பக்கத்துக் கல்லூரி மைதானம் ஒன்றில் பழைய கார் கண்காட்சி. உடன் வேலை செய்பவள் இழுத்துக்கொண்டு போனாள். மூன்றாவது வரிசையில் அது நின்றது. அடியில் கறுப்பு, மேலே பாலாடை நிறம். முன்னால் வைத்திருந்த அட்டையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: வாங்கிய நாளிலிருந்து ஒரே குடும்பம், ஒரே ஷெட். யார் உதவியும் இல்லாமல் படித்தேன். சற்றுத் தள்ளி, தொப்பி போட்டுக்கொண்டு, நாற்காலியில் சார் உட்கார்ந்திருந்தார். தலை லேசாக ஆடியது. அன்றைக்குப் பாதியில் நின்ற கேள்வியை இன்று தப்பில்லாத ஆங்கிலத்தில் முழுதாகக் கேட்க என்னால் முடியும். ஆனால் கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஜன்னல் திறந்திருந்தது. தலையை உள்ளே நீட்டி அண்ணாந்து பார்த்தேன். கூரைத் துணி பழுத்திருந்தது. ஓரத்தில் தையல்கள் வரிசையாக, காற்றடித்த மாதிரி ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. கையை உயர்த்தினேன்.

"மேடம், ப்ளீஸ், தொடாதீங்க." கிளப் பேட்ஜைக் குத்திக்கொண்ட இளம்பெண் ஓடிவந்தாள். "இன்டீரியர் ஃபுல்லா ஒரிஜினல்."

"இது இடதுகைத் தையல்" என்றேன்.

"சாரி?"

"ஒண்ணுமில்லம்மா."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வண்டி எப்படி இருந்தது, சார் எப்படி இருந்தார், அட்டையில் என்ன எழுதியிருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அம்மா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மேல் துணி எங்கனா தொங்கிகினு கீதா?"

"இல்லம்மா."

"கடைசி மூல?"

"அதுவும் தொங்கல."

அம்மா முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.